நான் எழுதாத பத்திரம்

இக்கா தன் கிடங்கை விற்ற பத்திரத்தை நான் எழுதவில்லை. எழுத மறுத்தது சரிதான் என்று சக வக்கீல்கள் இன்றும் சொல்கிறார்கள். எப்படி மறுத்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தார்கள். வீட்டில் தமிழ் பேசினோம், பள்ளியில் மலையாளம் படித்தேன், சட்டக் கல்லூரியில் இங்கிலீஷ். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே வக்கீலான பிறகுதான். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

பஜார் தெருவில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, பெயர்ப் பலகை மாட்ட வந்த அன்று, எதிர்க் கிடங்கிலிருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இக்கா. சுக்கும் மிளகும் மொத்தமாக வாங்கி விற்பவர். அவருடைய வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்கள். வாப்பா காலத்திலேயே வியாபாரத்துக்காக இங்கே வந்த குடும்பம். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். பலகை கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை இறங்கி ஏறச் சொன்னார். முதல் கட்சிக்காரரை அனுப்பியதும் அவர்தான். தெருவில் எல்லாருக்கும் அவர் இக்கா, அவர் மனைவி இத்தா. எனக்கும் அப்படியே. அவர்களுக்கு நான் மோள், மகள் மாதிரி.

சரக்கெல்லாம் கன்டெய்னரில் ஏறி நேராக வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவில் கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சில காபிக்கடைகளாயின, சில ஓவியக் கண்காட்சிக் கூடங்களாயின. இக்கா பிடிவாதமாக இருந்தார். கடைசியில் வங்கி ஏல நோட்டீஸ் ஒட்டியது. இருந்த கடனை அடைத்துவிட்டுப் பாலக்காட்டில் மகள் வீட்டுப் பக்கமாக ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவரும் இத்தாவும் முடிவு செய்தார்கள். விற்பனை வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் வக்கீல் சங்கத்தில் ஒரு வகுப்பு நடந்தது. கறுப்புப் பணத்தைச் சுற்றவிட்டு வெளுக்கிறவர்களைத் தடுக்கும் சட்டத்தில் வக்கீல்களுக்கு என்ன பொறுப்பு என்பது தலைப்பு. பேச வந்தவர் ஓர் ஆடிட்டர் அம்மா. பாதிப் பேர் சாயா குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கட்சிக்காரர்களுக்காகச் சொத்து வாங்கி விற்கிற, அவர்கள் பணத்தைக் கையாளுகிற ஆடிட்டர்கள் இனி ஆளை விசாரித்து, ஆவணம் வாங்கி, சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த வக்கீல், "அதுல வக்கீல் பேரு இல்லல்லோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பேரு இல்லதான் சார். கோர்ட்ல வாதாடுறது உங்க தொழில், அதை யாரும் தொடல. ஆனா உங்க ஆபீஸ் அட்ரஸை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தாலோ, இன்னொருத்தருக்காக டைரக்டரா உட்கார்ந்தாலோ நீங்களும் அந்தச் சட்டத்துக்குள்ள வந்துடறீங்க. அழுக்குப் பணம்னு தெரிஞ்சே கடத்தி விட்டா, வக்கீலா இருந்தாலும் யாரா இருந்தாலும் குற்றம்தான்" என்றார். சந்தேகத்தைத் தெரிவிக்க வேண்டியவர்கள் அதைச் சந்தேகத்துக்குரிய ஆளிடமே சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னார். இந்தக் கடைசி வரியை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். பின்னால் அதைத் தவறான இடத்தில் பயன்படுத்திக்கொண்டேன்.

கிடங்கை வாங்க ஓர் ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும், நன்றாக உடுத்தியிருந்தார். ஒரு கம்பெனிக்காகத் தான் பேசுவதாகவும், கிடங்கைத் தங்கும் விடுதியாக்கப் போவதாகவும் மலையாளத்தில் சொன்னார். இக்கா சொன்ன விலையை அவர் குறைத்துக் கேட்கவே இல்லை. எங்கள் தெருவில் பழைய நாற்காலி வாங்குகிறவர்கூடப் பேரம் பேசாமல் போகமாட்டார். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது.

"பணத்தை உங்க கணக்குல போட்டுடறோம், மேடம். நீங்க அவருக்கு மாத்தி விட்டுடுங்க. ஃபீஸ் நீங்க சொல்றதுதான்" என்றார்.

"எதுக்கு என் கணக்கு? நேரா அவருக்கே போடலாமே."

"பணம் பல இடத்துலேர்ந்து வருது. எல்லாம் ஒரு இடத்துல சேர்ந்தா சௌகரியம்."

"யாரோட பணம்?"

"முதலீட்டாளர்கள்."

"அவங்க பேரு, அடையாள அட்டை வேணும். கம்பெனிக்கு நிஜமா யாரு சொந்தக்காரங்கன்னும் தெரியணும்."

அவர் முகம் மாறவில்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். மறுநாள் கம்பெனியின் பதிவுத் தாள் மட்டும் வந்தது. எர்ணாகுளம் கலூரில் ஒரு விலாசம் இருந்தது.

அந்த வாரம் வேறொரு வேலையாகக் கலூருக்குப் போயிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். கடிதம் வந்தால் வாங்கி வைப்பாராம். மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு, இடத்துக்கென்று ஏதோ கொடுத்துவிட்டுப் போவாராம். இதே விலாசத்தில் இன்னும் ஆறேழு கம்பெனிகளுக்கும் கடிதம் வருமாம்.

அறைக்குத் திரும்பி என் டைரியில் எல்லாவற்றையும் எழுதினேன். கேட்ட கேள்விகள், வராத பதில்கள், ஜெராக்ஸ் கடை. அடியில், "இந்தப் பணம் நேரானதாகத் தெரியவில்லை. இதைச் செய்யப் போவதில்லை" என்று எழுதித் தேதி போட்டேன். பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டு, ஆவணம் இல்லாமல் என்னால் முடியாது, என் கணக்கில் யார் பணமும் வராது என்று சொன்னேன். சரி மேடம் என்று போனை வைத்துவிட்டார்.

இதுவரைக்கும் நான் செய்ததில் குறை சொல்ல ஏதுமில்லை. அடுத்தது இக்காவிடம் சொல்ல வேண்டும்.

படியிறங்கித் தெருவைக் கடந்து போனேன். காலியான கிடங்கில் இத்தா பெருக்கிக்கொண்டிருந்தார். இக்கா என்னைப் பார்த்ததும், பாலக்காட்டு வீட்டின் படத்தைப் போனில் காட்டினார். கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருந்தது. வங்கி கொடுத்த கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வேறு யாரும் வாங்க வரவில்லை.

"இக்கா, இந்த ஆதாரம் எழுதற வேல என்னால முடியாது" என்றேன். எங்கள் பக்கத்தில் பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வோம்.

"எந்து பற்றி மோளே? என்ன ஆச்சு?"

"ஹைகோர்ட்ல ஒரு கேஸ் வந்திருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒழிவே இல்ல."

ஹைகோர்ட்டில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

அவர் கொஞ்சம் ஏமாந்தார். உடனே சிரித்துக்கொண்டு, "சாரமில்ல, போகட்டும். இடக்கொச்சில ஆதாரம் எழுதற எழுத்துக்காரர் ஒருத்தர் இருக்காராம், வாங்கற ஆளே கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. நீ ஒரு தடவ படிச்சு மட்டும் பாரு" என்றார்.

"அதுக்கும் நேரம் வராது இக்கா."

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சொல்லி, பின்னால் அவதூறு என்று என்மேல் வந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். சந்தேகத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்த விதி சந்தேகத்துக்குரிய ஆளிடம் சொல்லக் கூடாது என்கிறது. இக்கா என் கட்சிக்காரர். இது எனக்குத் தெரியாததல்ல. இவையெல்லாம் போக இன்னொன்றும் இருந்தது. அந்த முருங்கை மரத்தைக் காட்டிய மனிதரிடம் இந்த விற்பனை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் ஏலம் நடந்திருக்கும், அந்தப் பழி என்மேல் விழுந்திருக்கும். என் கையைக் கழுவிக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

விற்பனை பதிவாயிற்று. பணம் நான்கு பேருடைய கணக்கிலிருந்து நான்கு தவணையாக இக்காவின் கணக்குக்கு வந்தது. முதல் தவணையில் வங்கிக் கடன் அடைந்தது. மீதியை அவர் பாலக்காட்டு வீட்டுக்காக வைத்திருந்தார். கிடங்குச் சாவியைக் கொடுத்த அன்று எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார்கள்.

ஏழு வாரம் கழித்து இக்கா என் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. பாலக்காட்டு வீட்டுக்காரருக்கு முன்பணம் அனுப்பப் போனால் வங்கியில் பணம் போகவில்லையாம். மேனேஜர், தமிழ்நாட்டு சைபர் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறது என்றாராம்.

"நான் யாருக்கு என்ன செஞ்சேன் மோளே? தமிழ்நாட்டுல எனக்கு ஆரையும் அறியாதே."

வங்கிக்குப் போனேன். அந்த நான்கு கணக்குகளில் ஒன்றுக்கு வந்திருந்தது மோசடியில் பறித்த பணம் என்றார்கள். அது எங்கே போனதோ அங்கெல்லாம் போலீஸ் பூட்டுப் போட்டிருந்தது. இக்காவின் கணக்கு முழுவதும் முடங்கிவிட்டது. கிடங்கையும் அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள். இடக்கொச்சி எழுத்துக்காரர், முதலில் பார்த்தது வேறொரு வக்கீல், தனக்கு எதுவும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். வாங்கிய ஆளின் போன் அணைந்திருந்தது.

ஒரு மாதத்துக்குள் போலீஸ் இக்காவுக்குச் சம்மன் அனுப்பியது. அதில் ஒரு கேள்வி என்னைப் பற்றியது. முதலில் பார்த்த வக்கீல் ஏன் விலகினார்? பணத்தில் கோளாறு இருப்பது தெரிந்துதான் விற்றீர்களா?

அந்தத் தாளை இக்கா என் மேசையில் வைத்தார். இத்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதைப் போலீசிடம் கொடுத்தால் இக்காவுக்கு எதுவும் தெரியாது என்பது நிலைக்கும். எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை என்பதும் நிலைக்கும். கட்சிக்காரர் காரியத்தில் நான் அறிந்ததை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் முடியாது. ஆகவே முதலில் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

"இக்கா, எனக்கு அன்னைக்கு ஹைகோர்ட்ல கேஸ் ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டைரியில் மலையாளத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன்.

இக்கா மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். இத்தாதான் பேசினார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"சந்தேகம் இருந்தது இத்தா."

"உன் கணக்குல வாங்கமாட்டேன்னு சொல்ற அளவுக்கு இருந்திருக்கு. எங்க கணக்குல வாங்கட்டும்னு விட்டுட்டே."

இத்தா எழுந்து படியிறங்கிப் போனார். செருப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

இக்கா சம்மன் தாளைத் திருப்பிப் பார்த்தபடி, "நீ இதப் போலீஸ்கிட்ட சொன்னா எனக்கு நல்லதா?" என்று கேட்டார்.

"நல்லது இக்கா. ஆனா சாட்சி சொன்னா நான் உங்களுக்கு வக்கீலா இருக்க முடியாது. எர்ணாகுளத்துல என் தோழி ஒருத்தி இருக்கா, அவகிட்ட கொடுக்கறேன். காசு வாங்கமாட்டா."

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்றார். போகும்போது மோளே என்று கூப்பிடவில்லை.

சொன்னேன். விசாரணை அதிகாரி என் டைரிப் பக்கத்தை மலையாளம் தெரிந்த ஒரு காவலரைக் கொண்டு படித்துப் பார்த்து, நகல் எடுத்துக்கொண்டார். "இவ்வளவு விசாரிச்ச நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா மேடம்?" என்று மட்டும் கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அதன்பின் இக்காவைச் சந்தேகத்தோடு பார்ப்பதை நிறுத்தினார்கள்.

ஆனால் கணக்கு திறக்கவில்லை. என் தோழி ஹைகோர்ட்டில் மனு போட்டாள். போலீஸ் தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களில், பணத்தை இழந்தவரின் புகார் நகல் இருந்தது. கையெழுத்தில், தமிழில். தோழிக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. மொழிபெயர்த்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது இக்காவும் அங்கே இருந்தார். அவருக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. "வாசி. நானும் கேக்கறேன்" என்றார்.

எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். எழுதியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முத்துமுத்தான எழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. போலீஸ் உடையில் ஒருவன் போனில் முகம் காட்டி, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று மிரட்டியிருக்கிறான். இரண்டு நாள் போன் முன்னாலிருந்து எழுந்திருக்க விடவில்லை. "அறை முழுவதும் தெரிய வேண்டும் என்று என் கணவரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைக்கச் சொன்னார்கள். கழற்றி வைத்தேன்" என்று எழுதியிருந்தார். ஓய்வுக்காலப் பணம் முழுவதையும், அவர்கள் சொன்ன கணக்குக்குத் தன் கையாலேயே அனுப்பியிருக்கிறார். "நான் படித்தவள். எனக்கே இது எப்படி நடந்தது என்று தெரியவில்லை. என் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை" என்று முடித்திருந்தார்.

வாசித்து முடித்ததும் தோழி விசிறியின் வேகத்தைக் குறைத்தாள். தாள்கள் பறந்துகொண்டிருந்தன.

"அப்போ எங்கிட்ட வந்தது அந்த டீச்சரோட காசா?" என்று இக்கா கேட்டார்.

"ஒரு தவணை அது. மத்தது யாரோடதுன்னு இன்னும் தெரியல" என்றாள் தோழி. "ஆனா நீங்க கிடங்கைக் கொடுத்துட்டு வாங்கினது. உங்க மேல தப்பில்லை. முழுசும் கேட்டு வாதாடலாம்."

இக்கா யோசிக்க வேண்டும் என்றார். பத்து நாள் கழித்து அவளுக்குப் போன் செய்து, அந்த ஒரு தவணையைத் தான் கேட்கப் போவதில்லை, டீச்சருக்கே திரும்பக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தோழி என்னிடம் சொன்னதும் என்னால் பொறுக்க முடியவில்லை. நேராகக் கிளம்பிப் போனேன். கிடங்கை விற்ற பிறகு அவர்கள் தெருக்கோடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

"இக்கா, அது போனா பாலக்காட்டு வீடு வாங்க முடியாது" என்றேன்.

"அறியும்."

"கோர்ட்டே ஏதாவது வழி சொல்லும். இப்பவே விட்டுக் கொடுக்க வேண்டாம்."

"எனக்கு வேண்டாம்னு இல்ல. வேணும். இவ பத்து நாளா எங்கூடப் பேசல." உள்ளே சமையல் மூலையில் இத்தா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "படத்தக் கழட்டி வெச்சேன்னு எழுதியிருக்கே அந்த டீச்சர். நான் சோத்துல கை வெச்சா அது ஓர்ம வருது. இறங்கல. நான் என்ன செய்ய?"

அதற்குமேல் பேசும் உரிமை எனக்கு இல்லை. வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய நான் சொல்லாமல் விட்டதன் விலையை, எந்த வகுப்புக்கும் போகாத ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்.

ஹைகோர்ட் அந்தத் தவணை அளவுக்கு மட்டும் முடக்கத்தை நீடிக்கவிட்டு, மற்றதைத் திறந்துவிடச் சொன்னது. அந்தத் தொகையை டீச்சருக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று இக்கா கையெழுத்துப் போட்ட மனு, வழக்கு நடக்கும் ஊர் கோர்ட்டுக்குப் போயிற்று. டீச்சருக்குப் பணம் கிடைத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மோசடி செய்தவர்களில் ஜெராக்ஸ் கடைக்குக் கடிதம் எடுக்க வந்த ஆள் மட்டும் பிடிபட்டான்.

இக்காவும் இத்தாவும் பாலக்காட்டில் மகள் வீட்டு மாடியில் குடியேறினார்கள். சொந்த வீடு வாங்க முடியவில்லை. மருமகனின் மளிகைக் கடையில் இக்கா பகலில் உட்காருகிறார்.

இப்போது யார் சொத்து விற்கவோ வாங்கவோ வந்தாலும், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறேன். பதில் சரியில்லை என்றால், விற்கிறவரை எதிரில் உட்காரவைத்து எனக்கு ஏன் சரியாகப் படவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போன மாதம் ஒருவர், வங்கி ஏலம் விடப்போகிற வீட்டை விற்க விடாமல் நீ தடுக்கிறாய் என்று கத்திவிட்டுப் போனார். அவர் சொன்னதும் உண்மைதான். அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

சென்ற மழைக்காலத்தில் பாலக்காட்டுக்குப் போனேன். கோர்ட்டிலிருந்து திரும்ப வந்த அசல் ஆவணங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். கடையில் இக்கா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஆவணங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். கோபம் இல்லை. இத்தனை நாளில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"சொல்லியிருக்கணும் இக்கா."

"சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா? அது எனக்குமே தெரியல. பன்னெண்டு நாள்தான் இருந்தது." ஆவணங்களைக் கட்டி மேசைக்குள் வைத்தார். "ஆனாலும் சொல்லியிருக்கலாம்."

மகள் கீழே வந்து சோறு போட்டாள். இத்தா மாடியில் படுத்திருப்பதாகச் சொன்னாள். மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் இறங்கி வரவில்லை. இக்கா மழையில் குடை பிடித்துப் பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். எர்ணாகுளம் பேருந்து வருவதற்குள் மருமகன் புதிதாக எடுக்கப் போகும் கடைக்கு வாடகை ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது, அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்வாயா என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.